உங்கள் விண்கலத்தை யார் கையில் கொடுப்பது?

திரைக்கதை தயார். ஒரு விண்கலம், ஒரு வேற்றுக்கிரகம், அங்கே ஓர் உயிர். பணம் போட ஒருவர் சம்மதித்தும் விட்டார். அப்புறம்தான் கேள்வி வந்து நிற்கிறது: இதையெல்லாம் யாரை வரையச் சொல்வது? அறிவியல் புனைகதையில் குறும்படமோ வெப் சீரிஸோ எடுக்க இறங்கும் இளைஞர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குழப்பம் இது. காமிக்ஸ் வரையும் நண்பர் ஒருவர் இருக்கிறார். இன்ஸ்டாகிராமில் பூதங்களையும் பாழடைந்த கோபுரங்களையும் அசத்தலாகத் தீட்டும் ஒருவரைத் தெரியும். வாகன வடிவமைப்பு படித்த உறவுக்காரரும் உண்டு. எல்லோருமே நன்றாக வரைகிறார்கள். யாரிடம் போவது?

நன்றாக வரைபவர் யார் என்று தேடினால் இதற்கு விடை கிடைக்காது. உங்கள் கதையில் எந்தப் பொருளை ரசிகர் நம்பாவிட்டால் படமே விழுந்துவிடும் என்று யோசியுங்கள். அதற்கு ஏற்ற கை எது என்பது பெரும்பாலும் அதிலிருந்தே தெரிந்துவிடும். 1970களின் நடுவில் தொடங்கிப் பத்தே ஆண்டுகளில் ஒரு தலைமுறை ஓவியர்கள் எல்லா வழிகளிலும் நடந்து பார்த்துவிட்டார்கள். எது எங்கே பலித்தது, எங்கே காசும் காலமும் வீணானது என்பதெல்லாம் நமக்கு முன்னால் இருக்கிறது.

அந்தக் கதை எடுக்கப்படாத ஒரு படத்தில் தொடங்குகிறது. சிலியில் பிறந்த இயக்குநர் அலெஹாந்த்ரோ ஹோடொரோவ்ஸ்கி, 'டியூன்' நாவலைப் படமாக்கப் பாரிஸில் ஒரு குழுவைக் கூட்டினார். பிரெஞ்சு காமிக்ஸ் ஓவியர் மோபியஸ், நாவல் அட்டைகளில் விண்கலங்கள் தீட்டிய பிரிட்டிஷ்காரர் கிறிஸ் ஃபாஸ், சுவிஸ் ஓவியர் கீகர், ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்காக அமெரிக்கர் டான் ஓ'பேனன். பணம் திரளவில்லை, படம் நின்றது. ஊர் திரும்பிய ஓ'பேனன் எழுதிய திரைக்கதைதான் 'ஏலியன்', ஒரு சரக்கு விண்கலத்துக்குள் கொடிய வேற்றுக்கிரக உயிர் ஒன்று புகுந்துவிடும் கதை. 1979இல் ரிட்லி ஸ்காட் இயக்கி அது வெளிவந்தபோது, பாரிஸில் கூடிய அதே ஓவியர்களின் கைகள் அதில் இருந்தன. கூடவே ரான் காப் என்ற ஒரு பத்திரிகை கார்ட்டூனிஸ்டும் சேர்ந்திருந்தார். இந்த ஒப்பீட்டுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

## முதலில் அளவுகோல்

நான்கு கேள்விகளை வைத்துக்கொள்வோம்.

உள்ளே நடக்க முடியுமா? ஓவியத்துக்கு ஒரு பக்கம் போதும். செட்டுக்குப் போதாது. நடிகர் கதவைத் திறந்து உள்ளே போவார், கேமரா பின்னாலேயே வரும். கூரை எங்கே, விளக்கு எங்கே, கைப்பிடி எந்த உயரத்தில் என்பதற்கெல்லாம் வரைந்தவரிடம் பதில் இருக்க வேண்டும்.

காட்சி நகருமா? ஓர் அழகான படத்துக்கும் அடுத்தடுத்து ஓடும் பன்னிரண்டு ஷாட்டுகளுக்கும் வேறுபாடு உண்டு. வடிவத்தை மட்டும் தருகிறாரா, காட்சியையும் தருகிறாரா?

மனதில் ஒட்டுமா? படம் முடிந்து வீட்டுக்குப் போகும் ரசிகரின் கண்ணில் எது மிஞ்சும்?

மறைந்திருக்கும் செலவு என்ன? பேசிய சம்பளத்தோடு கணக்கு முடிவதில்லை. தாளில் இருப்பதைப் பட்டறையில் செய்துமுடிக்க ஆகும் காலம், மறுபடி வரைவது, யாருக்கு உரிமை என்கிற வழக்கு எல்லாம் பின்னால் வரும்.

ஒரே பார்வையில் இப்படி இருக்கும்:

| | காமிக்ஸ் ஓவியர் | கனவுலக ஓவியர் | கருவி வரையும் கார்ட்டூனிஸ்ட் | தொழில் வடிவமைப்பாளர் |
|---|---|---|---|---|
| யாரைப் பார்த்துக் கற்பது | மோபியஸ், மெஸியேர், ஜெஃப் டாரோ | கீகர், ஃபாஸ் | ரான் காப் | சிட் மீட், மக்குவாரி |
| உள்ளே நடக்க முடியுமா | பட்டறை நிறைய இட்டு நிரப்ப வேண்டும் | ஓவியரே பட்டறைக்கு வந்தால் முடியும் | முடியும், இதுதான் அவர் பலம் | முடியும், ஆனால் செலவு அதிகம் |
| காட்சி நகருமா | மற்ற யாரையும்விட நன்றாக | நகராது | ஓரளவு | ஓரளவு |
| மனதில் ஒட்டுமா | உடை, நகரம், மொத்த உலகம் | உயிர்கள், பயம் | தனியாக ஒட்டாது, மற்றதை நம்ப வைக்கும் | வாகனம், தெரு |
| மறைந்திருக்கும் செலவு | துணி, எடை, காற்று பற்றிய விவரம் தாளில் இருக்காது. உரிமைச் சிக்கல் | கைவேலைக் காலம். ஒரே காட்சிக்குப் பெரிய செட் | ஆரம்பத்தில் மெதுவாகப் போகும் | ஒவ்வொரு பொருளையும் தனியாகச் செய்ய வேண்டும் |

## காமிக்ஸ் ஓவியர்

மோபியஸ் என்ற பெயர் நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம், ஆனால் அவர் கோடுகள் புதிதல்ல. சிவகாசியிலிருந்து வரும் முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குக் கேப்டன் டைகரைத் தெரியும். பிரெஞ்சில் புளூபெர்ரி என்ற பெயரில் வந்த அந்தக் குதிரைவீரரை வரைந்த ழான் ஜிரோதான், அறிவியல் புனைகதை வரையும்போது மோபியஸ் ஆனார். பாலைவனத்தின் நடுவில் புள்ளியாகத் தெரியும் ஒரு மனிதனை வரைந்து, அந்த வெளியின் மொத்தப் பரப்பையும் நமக்கு உணர்த்திவிடுவார். டைகர் கதைகளின் மலைக் கணவாய்களைக் கூர்ந்து பார்த்தவர்கள், அவருடைய வேற்றுக்கிரகங்களில் அதே கண்ணை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

காமிக்ஸ்காரரிடம் கிடைப்பது காட்சி. எங்கிருந்து பார்ப்பது, எதை மறைப்பது, எந்தக் கட்டத்தில் பக்கத்தைத் திருப்ப வைப்பது என்று யோசிப்பதே அவருக்குத் தினசரி வேலை. 'டியூன்' படத்துக்காக மோபியஸ் ஏறத்தாழ 3,000 ஸ்டோரிபோர்டு படங்கள், அதாவது ஷாட் வாரியாகக் காட்சியைக் காட்டும் படங்கள், வரைந்தார். இயக்குநர் நடித்துக் காட்டக் காட்ட, இவர் தாளில் இறக்கிக்கொண்டே போனார். 'தி மேட்ரிக்ஸ்' (1999) எடுத்த வச்சோவ்ஸ்கிகள் ஸ்டுடியோவைச் சம்மதிக்க வைக்க அழைத்ததும் காமிக்ஸ் ஓவியர்களைத்தான். ஸ்டீவ் ஸ்க்ரோஸ் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்தார். ஜெஃப் டாரோ இயந்திரங்களையும், மனிதர்களைப் பயிர்போல அடுக்கி வளர்க்கும் அந்த மின்நிலையத்தையும் தந்தார். 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' (2015) படத்தின் எழுத்தாளர்களில் ஒருவரான பிரெண்டன் மெக்கார்த்தி, பிரிட்டிஷ் காமிக்ஸ் ஓவியர். அந்தப் படத்துக்குச் சுமார் 3,500 கட்டங்கள் வரையப்பட்டன. வசனம் குறைந்த, ஓட்டம் நிறைந்த கதை உங்களுடையது என்றால் இதற்குமேல் யோசிக்க வேண்டாம், காமிக்ஸ் ஓவியரிடம் போங்கள்.

இன்னொன்றும் அவரால் முடியும்: ஒரு நகரத்தை முழுசாகத் தருவது. பாரிஸில் 'டியூன்' வேலைக்கு நடுவே ஓ'பேனன் பொழுதுபோக்காக ஒரு துப்பறியும் கதையைக் கிறுக்கினார். அதைப் பார்த்த மோபியஸ், கதையை வாங்கித் தானே வரைந்தார். 1976இல் 'மெத்தால் ஊர்லான்' என்ற பிரெஞ்சு காமிக்ஸ் இதழில் வந்த அந்தச் சின்னக் கதையில் அடுக்கடுக்காகப் பாதாளம் வரை இறங்கும் நகரம், அதன் இடுக்குகளில் பறக்கும் வாகனங்கள், கசங்கிய கோட்டோடு ஒரு துப்பறிவாளர் எல்லாம் உண்டு. 'பிளேடு ரன்னர்' (1982) நகரத்தை உருவாக்கும்போது தன் மனதில் இருந்தது இதுதான் என்று ரிட்லி ஸ்காட்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். சில பக்கங்கள்தான். இன்றுவரை எதிர்கால நகரம் என்றாலே நம் கண்ணில் வருவது அதன் வாரிசுதான்.

சரி, மறைந்திருக்கும் செலவு? 'ஏலியன்' படத்தில் மோபியஸ் வேலை செய்தது சில நாட்கள் மட்டுமே. விண்வெளி உடைகள் அவர் தந்தவை. பஞ்சு வைத்துத் தைத்தது போன்ற உடல், கவசம் போன்ற தோள், கூண்டு போன்ற தலைக்கவசம். தாளில் அபாரம், திரையிலும் அபாரம். ஆனால் ஆடை வடிவமைப்பாளர் ஜான் மொல்லோவின் குழு அதை நிஜமாகத் தைத்துப் போட்டபோது கனம் தாங்கவில்லை. உள்ளே நைலான், குளிர்விக்க வழியில்லை, மூச்சு வெளியேறவும் முதலில் வழி வைக்கப்படவில்லை. வெயில் காலம் வேறு. நடிகர்கள் மயங்கும் நிலைக்குப் போனார்கள், ஆக்சிஜன் சிலிண்டரோடு செவிலியர்களைப் பக்கத்திலேயே நிறுத்த வேண்டியிருந்தது. செட்டைப் பெரிதாகக் காட்ட, சின்ன அளவில் அதே உடையைத் தைத்து ஸ்காட்டின் பிள்ளைகளுக்கும் ஒளிப்பதிவாளரின் பிள்ளைக்கும் போட்டிருந்தார்கள். குழந்தைகள் தள்ளாடிய பிறகுதான் காற்றுக்கு வழி செய்தார்கள். ஓவியர் நாலு நாளில் கிளம்பிவிட்டால் துணி, எடை, காற்று மூன்றும் உங்கள் தலையில் விழும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். நடிகர் அணிய வேண்டிய எதுவானாலும், ஓவியரும் தையல்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிய பிறகே துணியை வெட்டுங்கள்.

இரண்டாவது செலவு உரிமை. காமிக்ஸ்காரர் சொந்த உலகத்தோடு வருகிறார், போகும்போதும் அதைக் கொண்டுபோகிறார். பிரெஞ்சு இயக்குநர் லூக் பெஸ்ஸோன் 'தி ஃபிஃப்த் எலிமெண்ட்' (1997) படத்துக்காக 1990களின் தொடக்கத்திலேயே மோபியஸையும், 'வலேரியன்' தொடரை வரைந்த மெஸியேரையும் அழைத்திருந்தார். படம் தள்ளிப்போனது. காத்திருந்த காலத்தில் மெஸியேர், படத்துக்காக வரைந்த பறக்கும் வாகனங்களைத் தன் 1994 ஆல்பத்தில் பயன்படுத்திக்கொண்டார். அந்த ஆல்பத்தைப் பார்த்த பெஸ்ஸோன், தொழிற்சாலை ஊழியராக இருந்த தன் நாயகனை டாக்சி ஓட்டுநராக மாற்றினார். யோசனை படத்திலிருந்து காமிக்ஸுக்குப் போய், கதையையே மாற்றும் பலத்தோடு திரும்பி வந்தது. இரு பக்கமும் நட்பாக இருந்ததால் அது நல்லபடியாக முடிந்தது. இன்னொரு பக்கம், தங்கள் 'இன்கால்' காமிக்ஸ் தொடரிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று மோபியஸும் ஹோடொரோவ்ஸ்கியும் அதே படத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2004இல் வழக்குத் தள்ளுபடியானது. மோபியஸே அந்தப் படத்தில் வேலை செய்தவர் என்பதும் அதற்கு ஒரு காரணம். நண்பர்தானே என்று எழுத்தில் எதுவும் போடாமல் தொடங்குபவர்கள் இந்த வழக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

## கனவுலக ஓவியர்

உங்கள் படம் பயத்தில் நிற்கிறதா? ரசிகர் இதுவரை பார்த்தே இராத ஓர் உயிரைக் காட்ட வேண்டுமா? அப்படியானால் கட்டம் கட்டமாக யோசிப்பவரைவிட, ஒரே உருவத்தைப் பல ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டிருப்பவர்தான் தேவை.

கீகர் அப்படிப்பட்டவர். ஸூரிக்கில் கட்டடக்கலையும் தொழில் வடிவமைப்பும் படித்தவர். வண்ணத்தைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் கொண்டு, எலும்பும் குழாயும் நரம்பும் இயந்திரமும் ஒன்றாகிப்போன உடல்களைச் சாம்பலும் பழுப்புமாகத் தீட்டினார். எங்கே உயிர் முடிந்து எங்கே இயந்திரம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. 1976இல் அவர் தீட்டிய 'நெக்ரோனோம் 4' என்ற ஓவியத்தைப் புத்தகத்தில் பார்த்ததும், தன் படத்தின் உயிர் இதுதான் என்று ஸ்காட் முடிவு செய்துவிட்டார். ஸ்டுடியோவுக்குத் தயக்கம், ரசிகர்களுக்கு இது தாங்காது என்று. ஸ்காட் விடவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, கீகர் ஓவியத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கவில்லை. லண்டன் பக்கத்தில் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிசினும் நிஜ எலும்புகளும் வரவழைத்து, உருவத்தைத் தன் கையாலேயே பிடித்தார். உயிரின் தலைக்குள் முன்பக்கமாக மனித மண்டையோட்டை வைத்து, மேலே பளபளக்கும் மூடி போட்டார்கள். கண்களை எடுத்துவிட்டார்கள். எங்கே பார்க்கிறது என்று தெரியாத ஒன்று நம்மைப் பார்க்கிறது என்ற பயம் அதிலிருந்து வந்தது. உடையை அணிந்தவர் போலாஜி படேஜோ என்ற நைஜீரிய மாணவர், கிட்டத்தட்ட 7 அடி உயரம், மெல்லிய உடல். உள்ளே மனிதர் இருக்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரைப் பெற்ற குழுவில் கீகரும் ஒருவர்.

பின்னாளில் 'போல்டர்கைஸ்ட் 2' (1986) படத்துக்கு அவர் வரைந்து மட்டும் கொடுத்தார், பட்டறையில் போய் இருக்கவில்லை. திரையில் வந்தது அவருக்கே பிடிக்கவில்லை. அதே கை, அதே மூளைதான். ஏர்பிரஷ் ஓவியத்தின் பாதி அழகு மங்கலான விளிம்புகளில் இருக்கிறது. சிற்பி அந்த மங்கலை ஏதாவது ஒரு திட்டமான வடிவமாக மாற்றியே ஆக வேண்டும். அதை யார் முடிவு செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனவே கனவுலக ஓவியரை எடுத்தால், அவர் பட்டறையில் இருக்கும் நாட்களுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். முடியாவிட்டால் அந்த வழியே வேண்டாம்.

அடுத்த செலவு, செட். 'ஏலியன்' கதையில் வரும் பாழடைந்த வேற்றுக்கிரகக் கலத்துக்குள், பாறையாகிப்போய் உட்கார்ந்திருக்கும் ஒரு விண்வெளி விமானியைக் கீகர் வரைந்தார், சுமார் 8 மீட்டர் உயரம். ஒரே ஒரு காட்சிக்காக இவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டுமா என்று ஸ்டுடியோ கேட்டது நியாயமான கேள்விதான். கட்டினார்கள். ஆனால் அதே செட்டின் சுவரை முட்டைகள் இருக்கும் அறைக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். சின்ன பட்ஜெட்காரர்கள் இந்தத் தந்திரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

கிறிஸ் ஃபாஸ் கதை வேறு. 1970களின் நாவல் அட்டைகளில் அவர் தீட்டிய விண்கலங்கள் பூச்சி நிறங்களில், வரிவரியாக, மலைபோல நிற்கும். 'ஏலியன்' படத்துக்காகப் பல மாதம் விண்கலம் வரைந்தார். திரைக்கு வந்தது மிகக் குறைவு. அட்டை ஓவியத்துக்கு ஒரே ஒரு கோணம் போதும், அந்தக் கோணத்தில் அது கடையில் நம்மை இழுக்க வேண்டும். உள்ளே யார் எங்கே தூங்குகிறார்கள் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. ஸ்காட்டுக்கு வேண்டியிருந்தது அழுக்கும் கூரைத் தாழ்வும் உள்ள ஒரு சரக்குக் கலம். ஃபாஸின் ஓவியங்களை நான் மிகவும் நேசிக்கிறேன். அவற்றின் நிறங்களுக்குத் திரை நெடுங்காலம் இடம் தரவில்லை என்ற வருத்தமும் உண்டு. ஆனால் அவரை அந்த வேலைக்கு அழைத்தது, கேள்வியைச் சரியாகக் கேட்காமல் கையைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு.

## கருவி வரையும் கார்ட்டூனிஸ்ட்

ரான் காப் பெயர் வெளியே குறைவாகத்தான் தெரியும். 'லாஸ் ஏஞ்சலிஸ் ஃப்ரீ பிரஸ்' பத்திரிகையில் அரசியல் கார்ட்டூன் போட்டவர். சுற்றுச்சூழல் இயக்கத்துக்கு 1969இல் ஒரு சின்னம் வரைந்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டவர். ஓ'பேனனோடு 'டார்க் ஸ்டார்' (1974) என்ற சின்னப் படத்தின் விண்கலத்தை வடிவமைத்தார். 'ஏலியன்' படத்தில் மனிதர்களின் கலமான நோஸ்ட்ரோமோ, உள்ளும் புறமும் பெரும்பாலும் அவர் கை.

அவருடைய வழி எளிது. கலம் நிஜமாகவே ஓட வேண்டும் என்று எண்ணிக்கொண்டு வரைவார். இந்தக் குழாயில் என்ன போகிறது, இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், மின்சாரம் போனால் எந்த விளக்கு எரியும் என்று கேட்டுக்கேட்டு வரைவார். ஒரு விவரத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கதவுகளுக்கும் சுவர்களுக்கும் அவர் ஒரு குறியீட்டுத் தொகுதியே உருவாக்கினார். சின்னச் சதுரங்கள், வட்டமான மூலைகள். இந்த அறையில் செயற்கை ஈர்ப்பு இல்லை, இங்கே காற்றழுத்தம் உண்டு, இது உறைநிலைத் தூக்க அறை, இது காபி. பல மொழி பேசும் தொழிலாளர்கள் ஒரே கலத்தில் வேலை செய்தால் எழுத்தைவிடப் படக்குறி உதவும் அல்லவா? படத்தில் யாரும் அவற்றைச் சுட்டிக்காட்டுவதில்லை. ஆனால் நடிகர் கதவைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் நம் கண் ஓரத்தில் ஒரு குறி வந்துபோகிறது. இது யாரோ கட்டிய, யாரோ சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடம் என்று மனம் ஏற்றுக்கொள்கிறது. அந்த நம்பிக்கை ஊறிய பிறகு வருவதால்தான் கீகரின் உயிர் அவ்வளவு பயமுறுத்துகிறது.

காப் இன்னொன்றும் செய்தார். கலத்தின் முதலாளி யார் என்று யோசித்து, பிரிட்டனின் லேலண்ட், ஜப்பானின் டொயோட்டா இரண்டும் சேர்ந்த மாதிரி ஒலிக்க 'வெய்லன்-யுடானி' என்று ஒரு நிறுவனப் பெயரை உருவாக்கினார். பீர் டப்பா போன்ற சில்லறைப் பொருட்களில் அச்சிடத்தான். முதல் படத்தில் அது சரியாகக் கண்ணில்கூடப் படாது. பின்னால் வந்த தொடர்ச்சிப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நிறுவனம்தான் வில்லன். செட்டை வரைந்தவர், கதையின் வில்லனுக்கு ஒரு பெயரையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

செலவு என்று பார்த்தால், ஆரம்பம் மெதுவாக இருக்கும். இவர் வரையத் தொடங்கும் முன் கேள்விகள் கேட்பார். கலத்தில் எத்தனை பேர், எத்தனை மாதப் பயணம், சாப்பாடு எங்கே? உங்களிடம் பதில் இல்லாவிட்டால் நின்றுவிடுவார். தயாரிப்பாளரிடம் காட்டி அசத்தும்படியான ஓர் ஓவியமும் முதல் மாதத்தில் வராது. ஆனால் ஒரே இடத்தில் அடைபட்ட மனிதர்களின் கதை, நாலு அறையில் முடிகிற கதை என்றால் இவர்தான். சின்ன பட்ஜெட்டில் எடுக்கும் பெரும்பாலோருக்கு வேண்டியதும் இவரேதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் இவரைத்தான் கடைசியாகத் தேடுகிறார்கள்.

## தொழில் வடிவமைப்பாளர்

இவர் காமிக்ஸ்காரரும் இல்லை, கனவுலகக்காரரும் இல்லை. ஒப்பீட்டுக்கு வேண்டும் என்பதால் சேர்க்கிறேன். சிட் மீட் ஃபோர்டு நிறுவனத்தில் கார் வடிவமைத்தவர். 'பிளேடு ரன்னர்' படத்துக்கு முதலில் வாகனங்களுக்காக மட்டும் அழைக்கப்பட்டார். ஆனால் காரை வெறும் வெள்ளைத் தாளில் வரையாமல், அது நிற்கும் தெருவையும் சேர்த்து வரைந்தார். அந்தத் தெருவைப் பார்த்த ஸ்காட், வேலையை விரித்துக் கொடுத்தார். பழைய கட்டடங்களை இடிக்காமல் மேலேயே குழாயும் கம்பியும் மாட்டிக்கொண்டே போகும் நகரம் அப்படி வந்தது. பார்க்கிங் மீட்டர் வரைக்கும் வடிவமைத்தார், அதில் கை வைத்தால் மின்சாரம் தாக்கும் என்ற எச்சரிக்கையோடு.

'ஸ்டார் வார்ஸ்' ஓவியர் ரால்ஃப் மக்குவாரியும் இந்தக் கிளைதான், போயிங்கில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்தவர். ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு வெற்றிடத்தைக் கடந்து வருகிறவன் எப்படி மூச்சுவிடுவான் என்று அவர் கேட்டதில் பிறந்ததுதான் டார்த் வேடரின் முகமூடி. அவர் தீட்டிய சில ஓவியங்கள் ஸ்டுடியோவைப் பணம் போட வைக்கவும் உதவின. பணம் போட இன்னும் யாரும் அகப்படாதவர்களுக்கு இது முக்கியமான தகவல்.

செலவு வெளிப்படை. மீட் வரையும் காரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதைச் செய்யத் தனிப் பட்டறை வேண்டும். வாகனமோ ஆயுதமோ கதையின் மையத்தில் இருந்தால் ஒழிய, சின்னப் படத்துக்கு இந்த வழி கட்டுப்படியாகாது.

## கைகளைப் பிரித்துக் கொடுத்தால்?

ஒருவரே எல்லாவற்றையும் வரைய வேண்டும் என்று கட்டாயமில்லை. 'ஏலியன்' வெற்றியின் பாதி, வேலையைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. மனிதர்கள் செய்தது காப் கை, மனிதர்கள் செய்யாதது கீகர் கை. ரசிகருக்கு இது தெரியாது. ஆனால் மனிதக் கலத்திலிருந்து அந்தப் பாழடைந்த கலத்துக்குள் நுழையும்போது கோடே மாறிவிடுகிறது, வேறு ஒரு மூளை கட்டிய இடத்துக்குள் வந்துவிட்டோம் என்று உடம்பு சொல்கிறது. கதையில் அந்தப் பொருள் யாருக்குச் சொந்தம் என்று பார்த்துப் பிரித்தார்கள். அந்த அளவுகோல் இல்லாமல், ஒரே கலத்தைக் காப்பும் ஃபாஸும் மாதக்கணக்கில் தனித்தனியாக வரைந்துகொண்டிருந்த கட்டத்தில் இரட்டைச் செலவுதான் மிஞ்சியது.

கணினிக்குள் நடக்கும் கதையான 'ட்ரான்' (1982) வேறு மாதிரி பிரித்தது. உடைகளும் சூரியப் பாய்மரக் கலமும் மோபியஸ், லைட் சைக்கிள் என்ற ஒளி பைக்கும் டாங்கியும் மீட், நிறமும் பின்னணியும் பீட்டர் லாய்ட். மூவரும் ஒரே உலகத்துக்கு வரைந்ததால் ஒளிக்கோடுகள் என்ற ஒரே விதியால் கட்டிவைக்க வேண்டியிருந்தது. கணினியும் ஒரு விதி போட்டது. லைட் சைக்கிளை ஓட்டுபவர் வெளியே தெரியும்படிதான் மீட் முதலில் வரைந்திருந்தார். அன்றைய கணினியால் மனித உடலைக் காட்ட முடியாததால் மூடி போட்டு மறைத்தார்கள். அந்த மூடிய, வழவழப்பான வடிவத்தைத்தான் இன்றும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உங்கள் கிராஃபிக்ஸ் குழுவால் எது முடியாது என்பதை ஓவியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஓவியருக்கு அது தடையாகத் தெரியாது, பிடிமானமாகத்தான் தெரியும்.

## உங்கள் நிலைமைக்கு எது?

கையில் கதை மட்டும் இருக்கிறது, பணம் இல்லை என்றால் மக்குவாரி வழி. நான்கைந்து முக்கியக் காட்சிகளை முழு ஓவியமாகத் தீட்டி வாங்குங்கள், அதற்குமேல் எதுவும் இப்போது வேண்டாம்.

பணம் கொஞ்சம், அறைகள் கொஞ்சம், நடிப்புதான் பலம் என்றால் காப் வழி. குறியீடுகளும் லேபிள்களும் நிறுவனப் பெயர்களும் மலிவு, ஆனால் நம்பிக்கையை அள்ளித் தரும்.

துரத்தல், சண்டை, வசனமில்லாத நீண்ட ஓட்டம் என்றால் காமிக்ஸ் ஓவியர். சம்பளத்தை ஸ்டோரிபோர்டுக்குக் கொடுங்கள். உடைகளுக்கு அவர் வரைந்ததை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் உயிர், ஒரே ஒரு பயம் என்றால் கனவுலக ஓவியர். அவர் ஏற்கெனவே தீட்டியவற்றில் உங்கள் உயிர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கீகர் ஸ்காட்டுக்காக அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, அது முன்பே அவர் புத்தகத்தில் இருந்தது. இல்லாத ஒன்றை வரைந்து தரச் சொல்லிக் கேட்டால் அவரிடமிருந்து வருவது பெரும்பாலும் இரண்டாந்தரமாகத்தான் இருக்கும்.

'ஏஐ கருவியில் போட்டு எடுத்துக்கொண்டால் என்ன?' என்றும் கேட்கிறார்கள். மனநிலைக்கு நாலு படம் எடுத்துப் பார்க்க உதவும். ஆனால் அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அதைக் கேட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு பதில் சொல்லும். கட்டுபவருக்கு ஒரே பதில் வேண்டும்.

யாரை எடுத்தாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் போட்டுவிடுங்கள். பட்டறையில் அவர் எத்தனை நாள் இருப்பார், திருத்தம் எத்தனை முறை, படத்தில் பயன்படுத்தாத ஓவியங்கள் யாருக்குச் சொந்தம், படம் நின்றுபோனால் அவர் அவற்றைத் தன் காமிக்ஸில் பயன்படுத்தலாமா. கடைசிக் கேள்விக்கு 'பயன்படுத்தலாம்' என்று எழுதுவதையே நான் சொல்வேன்.